கேரட் காட்டில் நின்றவள்

இது நடந்தது. நடந்ததென்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். சபீஹா ஊட்டி காந்தலில் இருக்கிறாள். ஜீவிதா கேத்தியில் இருக்கிறாள். பஸ்ஸில் போனால் அதிக தூரமில்லை. ஆனாலும் இருவரும் இப்போது ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. பேய் என்றதும் யாரோ செத்துத் திரும்பி வந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இதில் யாரும் சாகவில்லை. செத்தவர்கள் வந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன் என்று சபீஹாவே சொல்லியிருக்கிறாள்.

சபீஹாவின் அத்தா சலாஹுதீன் ஊட்டி மார்க்கெட்டில் ஸ்வெட்டர், சால்வை, மங்கி கேப் விற்கும் கடை வைத்திருக்கிறார். சபீஹா பிளஸ் ஒன். நன்றாகப் பேசுவாள், நன்றாகப் பாடுவாள், பள்ளி ஆண்டு விழாவில் மைக் பிடித்து நிகழ்ச்சிகளை அறிவிப்பது எப்போதும் அவள்தான். ஜீவிதா அவள் வகுப்புதான், பக்கத்து இருக்கை. கேத்திப் பள்ளத்தாக்கில் குத்தகை நிலத்தில் கேரட் போடும் முத்துவேலின் ஒரே மகள். காலையில் கேரட் கழுவும் இடத்தில் அம்மாவுக்குக் கைகொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். சில நாள் ஸ்வெட்டர் கையில் செம்மண் ஒட்டியிருக்கும். அதை அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சபீஹாவும் எடுத்துக்கொள்ளவில்லை. நோன்பு நாளில் ஜீவிதா காந்தலுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுப் போவாள். சபீஹா கேத்திக்குப் போனால் கேரட்டைப் பிடுங்கி, முந்தானையில் துடைத்து அப்படியே கடிக்கக் கொடுப்பாள் ஜீவிதாவின் அம்மா கனகமணி.

ஜீவிதாவுக்கு டிவியில் செய்தி வாசிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் வாசிக்கும்போது அவளுக்கு ‘ள’ வராது. ‘செய்திகல்’ என்பாள். அதைச் சரிசெய்ய ராத்திரி போர்வைக்குள் படுத்துக்கொண்டு போனில் பேசிப் பேசிப் பழகுவாள். ஒருநாள் அதை சபீஹாவுக்கு வாய்ஸ் நோட்டாக அனுப்பினாள்.

“வணக்கம். செய்திகல் வாசிப்பது ஜீவிதா முத்துவேல்...”

கீழே எழுதியிருந்தாள்: “யாருக்கும் அனுப்பிராத புள்ள. எங்க தப்புன்னு மட்டும் சொல்லு.”

அந்த வருடம் ஆண்டு விழாவுக்கு மைக் பிடிக்க ஜீவிதாவைத் தேர்ந்தெடுத்தார்கள். புதிதாக வந்த தமிழ் டீச்சருக்கு அவள் குரல் பிடித்துவிட்டது. சபீஹா கைதட்டினாள், கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று அவள் செய்தது இதுதான். ஒரு கேரட் படம் எடுத்தாள். அதற்கு வாய் ஒட்டினாள். அந்த வாய் அசைய அசைய ஜீவிதாவின் வாய்ஸ் நோட் ஓடும்படி ஒரு வீடியோ செய்தாள். வேறு பெயரில் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்து, ‘கேத்தி நியூஸ்’ என்று பெயர் வைத்து, போட்டாள். வீடியோ செய்யும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது. மூக்கில் ஒரு இழுப்பு... பிறகு வெட்டி வெட்டி, ஹி... ஹி... ஹி... என்று. அதை நீக்கியிருக்கலாம். கேட்க நன்றாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

மறுநாள் வகுப்பு முழுக்கப் பார்த்துவிட்டது. அதற்கடுத்த நாள் பள்ளி முழுக்க. “அந்தச் சிரிப்புதான் மாஸ்” என்று கமெண்ட் போட்டார்கள். யாருடைய சிரிப்பு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சபீஹா இன்னொன்று செய்தாள், செம்மண் ஒட்டிய ஸ்வெட்டர் கையை வைத்து. பிறகு இன்னொன்று. ஜீவிதாவின் மேஜையில் கேரட் இருக்கும். அவள் வகுப்புக்குள் நுழையும்போது யாராவது போனில் அந்தச் சிரிப்பை ஓடவிடுவார்கள். ஹி... ஹி... ஹி... பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் “செய்திகல் வாசிங்க பாப்பா” என்றார்கள். ராத்திரியில் யார் யாரோ ஆண்கள் அவள் போனுக்கு அசிங்கமாக எழுதினார்கள். அதையெல்லாம் அழுதுகொண்டே ஜீவிதா காட்டியது சபீஹாவிடம்தான்.

“யாரு புள்ள என் போன்ல இருந்து எடுத்து இப்படிப் பண்றது? நான் யாருக்கு என்ன பண்ணுனேன்?”

“விடு ஜீவி. கண்டுக்காத. நாலு நாள்ல மறந்துருவாங்க” என்றாள் சபீஹா.

ஆண்டு விழாவில் ஜீவிதா மேடை ஏறி “வணக்கம்” என்றாள். பின்வரிசையிலிருந்து சத்தமாக அந்தச் சிரிப்பு கேட்டது. அரங்கமே சிரித்தது. அடக்க முடியாமல் சில டீச்சர்களும். ஜீவிதா மைக்கை மேஜைமேல் மெதுவாக வைத்தாள். படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவேயில்லை.

சத்தம் வந்தது பிரைட்டனின் போனிலிருந்து. வகுப்புப் பையன்தான். அவனைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்தப் பக்கத்தை நடத்துவதும் அவன்தான் என்று முடிவு கட்டினார்கள். “ஓடவிட்டது நான்தான் சார். அதை நான் செய்யல சார்” என்று அவன் அழுததை யாரும் நம்பவில்லை. சபீஹா அன்று மாலையே பக்கத்தை அழித்தாள். போனிலிருந்து எல்லாவற்றையும் அழித்தாள். முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை.

ஜனவரியில் நல்ல பனி. நான்கு மணிக்கே மேகம் இறங்கித் தெருவை மூடிவிடும். அப்படி ஒரு மாலை, மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம், சபீஹாவின் போனுக்கு ஜீவிதாவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் மெசேஜ்.

“இன்னிக்கு எதுக்கு வந்தே?”

சபீஹாவுக்குப் புரியவில்லை. பதில் போடவில்லை. மறுநாள் அதே நேரம்...

“அம்மா உன்னைப் பார்த்துட்டாங்க. போயிரு.”

சபீஹா எழுதினாள்: “நான் எங்கயும் வரல. ஊட்லதான் இருக்கேன்.”

புளூ டிக் விழுந்தது. பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் வந்தது.

“உள்ள வா. இல்லன்னா போயிரு. அங்கயே நின்னு சிரிக்காத.”

ஜீவிதாவுக்கு உண்மை தெரிந்துவிட்டது, நம்மைப் பயமுறுத்தப் பார்க்கிறாள் என்று சபீஹா நினைத்தாள். கோபம்கூட வந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தொண்டை சரியில்லை. காலையில் எழுந்தால் கரகரவென்று இருக்கும். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. நாள் முழுக்கச் சத்தம் போட்டுச் சிரித்தால் தொண்டை எப்படி வலிக்குமோ அப்படி வலித்தது. பள்ளி ஷூவைத் துடைக்கப் போனால் அடியில் செம்மண் அப்பியிருந்தது. காந்தலிலிருந்து பள்ளிவரை தார் ரோடு. சாக்ஸில் ஏதோ பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தாள்.

கேரட் தழை.

வெள்ளிக்கிழமை ஒரு போட்டோ வந்தது. ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தது. வெளியே பனி. பனிக்குள் கேரட் பாத்திகள். பாத்திகளின் கோடியில் ஒரு பெண் நிற்கிறாள். முகம் தெளிவில்லை. தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. சிரிக்கும்போது சபீஹாவுக்குத் தலை அப்படித்தான் சாயும். தோளில் மஞ்சள் சால்வை. கடையில் விலைபோகாமல் தங்கியதென்று அத்தா வீட்டுக்குக் கொண்டுவந்த சால்வை. ஓரத்தில் சபீஹா இஸ்திரி போடும்போது தீய்த்துவிட்ட கறுப்புத் தழும்பு.

தழும்பும் தெரிந்தது.

எடுத்த நேரம் ஆறரை. அந்த நேரத்தில் சபீஹா அம்மா ஜுலைகாவின் பக்கத்தில் தொழுகைப் பாயில் இருந்தாள். அம்மாவின் தோள் அவள் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. அதில் சந்தேகமே இல்லை.

அவள் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் ஆணியைப் பார்த்தாள். சால்வை அங்கேதான் தொங்கியது. நிம்மதியாகக் கையை வைத்தாள்.

ஈரமாக இருந்தது. பனியில் வெகுநேரம் நின்றது போல, நூல் நூலாக நீர் கோத்திருந்தது.

அன்று இரவு அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தாள். சால்வையைச் சொன்னால் போட்டோவைச் சொல்ல வேண்டும். போட்டோவைச் சொன்னால் ஜீவிதாவைச் சொல்ல வேண்டும். ஜீவிதாவைச் சொன்னால்... வாயை மூடிக்கொண்டாள். பேய்க்குப் பயந்ததைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. மதியத்துக்குமேல், இன்னும் பாங்குக்கு நேரமிருக்கும்போதே, மெசேஜ் வந்தது.

“தினமும் கொஞ்சம் கிட்ட வர்றே. என்னால முடியல. இன்னிக்கு நீ கூப்பிட்டா நான் வந்துர்றேன். நீ நிக்கற எடத்துக்கே வர்றேன். சிரிக்கறத மட்டும் நிறுத்து.”

சபீஹா போன் செய்தாள். எடுக்கவில்லை. மீண்டும் செய்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

நேற்று வந்த போட்டோவைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த உருவம் நிற்கும் இடம்... காலடியில் பளபளவென்று கறுப்பாக ஒரு விளிம்பு. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். கேரட்டுக்குத் தண்ணீர் தெளிக்க வெட்டிய குட்டை. உள்ளே முழுக்கக் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்திருக்கும். ஆளுயரத்துக்குமேல் தண்ணீர். விழுந்தால் காலை ஊன்ற முடியாது, கையால் பிடித்து ஏறவும் முடியாது, வழுக்கிக்கொண்டே போகும். முதன்முதலாக அங்கே போனபோது ஜீவிதா அவள் கையைப் பிடித்து இழுத்து, “இதுக்குப் பக்கத்துல மட்டும் போயிராத புள்ள” என்று சொல்லியிருந்தாள்.

சபீஹா சமையலறைக்கு ஓடினாள்.

“அம்மா, கேத்திக்குப் போகணும். இப்பவே.”

“என்னடி ஆச்சு?”

அப்போதுதான் சொன்னாள். வாய்ஸ் நோட், கேரட் வாய், பக்கம், பிரைட்டன், எல்லாம். அழுதுகொண்டே, முன்னுக்குப் பின்னாக. ஜுலைகா அடுப்பை அணைத்தாள். கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

“அந்தச் சிரிப்பு... நீயா?”

“ஆமாம்மா.”

“எனக்கும் வந்துச்சுடி அது. உன் சித்தி அனுப்பினா. நானும் பார்த்துச் சிரிச்சேன்.” ஜுலைகா முந்தானையால் வாயைத் துடைத்தாள். “எம் புள்ள சிரிப்பு எனக்கே அடையாளம் தெரியலையே. நடடி.”

கேத்தி பஸ் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக மேகம். டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். சபீஹா திரும்பத் திரும்ப போன் செய்தாள். ஸ்விட்ச் ஆஃப். ஜுலைகா கண்ணை மூடி, காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே வந்தாள். மகள் கையை அவள் பிடிக்கவில்லை.

இறங்கும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மெயின் ரோட்டிலிருந்து கேரட் காட்டுக்கு இறங்கும் மண்பாதை சொதசொதவென்று இருந்தது. ஜுலைகாவால் வேகமாக நடக்க முடியவில்லை. “நீ போ, நான் வர்றேன்” என்றாள். சபீஹா ஓடினாள்.

வீட்டு வாசலில் கனகமணி நின்றிருந்தாள். கையில் டார்ச். சபீஹாவைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது. ஒரு எட்டு பின்னால் போனாள். சபீஹா வந்த பாதையைப் பார்த்தாள். பிறகு திரும்பிக் காட்டுப் பக்கம் பார்த்தாள்.

“நீ... நீ இப்ப அங்கயல்ல நின்னே?”

“ஜீவி எங்கீங்க?”

“உள்ளதான் இருந்தா... இவங்கப்பனும் லோடு ஏத்திட்டு மேட்டுப்பாளையம் போயிட்டாரு...” கனகமணி கதவைத் தள்ளினாள். கட்டில் காலி. பின்கதவு திறந்து கிடந்தது. பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

“சாமி! ஜீவிதா!”

சபீஹா பின்கதவு வழியாக இறங்கினாள்.

பாத்திகளுக்கு நடுவே நடந்தாள். எதிரே கை நீட்டினால் கை தெரியவில்லை. கேரட் தழை கணுக்காலில் ஈரமாக உரசியது. எங்கேயோ தண்ணீர் சொட்டியது. டொக்... டொக்...

பிறகு அது கேட்டது.

மூக்கில் ஒரு இழுப்பு.

ஹி... ஹி... ஹி...

அவளுடைய சிரிப்பு. வலப்பக்கம், குட்டை இருக்கும் திசையிலிருந்து. போனிலிருந்து வரும் சத்தம் இல்லை. வீடியோவில் அந்தச் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிடும். இது முடியவில்லை. நடுவில் நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடியும் சிரித்தது.

சபீஹாவுக்குத் திரும்பி ஓடிவிடலாம் என்று தோன்றியது. உண்மையில் ஒரு எட்டு பின்னால் வைத்தும் விட்டாள்.

“ஜீவி!”

சிரிப்பு நின்றது.

கொஞ்சம் தள்ளி, பனி மெலிந்த இடத்தில், ஜீவிதா தெரிந்தாள். நைட்டிமேல் ஸ்வெட்டர். வெறுங்கால். குட்டையின் விளிம்புக்கும் அவளுக்கும் நடுவே நாலைந்து எட்டுதான் இருக்கும். அவள் சபீஹாவைப் பார்த்தாள். பிறகு குட்டைப் பக்கம் பார்த்தாள். மறுபடி சபீஹாவைப் பார்த்தாள்.

“ரெண்டு பேர் இருக்கீங்க” என்றாள் ஜீவிதா. தூக்கத்தில் பேசுவது போல.

“நான்தான் ஜீவி. நான்தான் நெசம். இங்க வா.”

“அவளும் அதேதான் சொல்றா.”

சபீஹாவுக்குக் குட்டைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை. வெறும் வெள்ளை.

ஹி... ஹி...

ஜீவிதா அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தாள்.

“ஜீவி, வேண்டாம்!”

இன்னொரு எட்டு.

பிளாஸ்டிக் ஷீட் நெரியும் சத்தம்.

சபீஹாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ‘மன்னிச்சிரு’ வாயில் வந்தது. அது போதாதென்று தெரிந்தது. கத்தினாள்.

“கேத்தி நியூஸ் நான்தான் ஜீவி!”

ஜீவிதா நின்றாள்.

“உன் வாய்ஸ் நோட்டை நான்தான் போட்டேன். பிரைட்டன் இல்ல. நான். யாருக்கும் அனுப்பாதன்னு சொன்னே... நான்தான் கேரட்டுக்கு வாய் வெச்சேன். நான்தான் சிரிச்சேன். உனக்கு மைக் குடுத்தாங்கன்னு எனக்கு வயித்தெரிச்சல். நீ எங்கிட்டயே வந்து அழுதே. அப்பவும் நான் சொல்லல. நாலு நாள்ல மறந்துருவாங்கன்னு சொன்னேன்... நான்தான் ஜீவி...”



ஜீவிதா குட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டாள்.

“நீ சொல்லு. நீயும் இதைச் சொல்லு.”

பதில் இல்லை.

மூக்கில் ஒரு இழுப்பு மட்டும்.

அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

ஜீவிதா கால் மடங்கிச் சேற்றில் உட்கார்ந்தாள். சபீஹா தவழ்ந்து போய் அவள் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பாத்திமேல் விழுந்தார்கள். கனகமணியின் டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. பின்னாலேயே ஜுலைகாவின் ஓதும் குரல்.

வீட்டுக்குள் அடுப்புப் பக்கத்தில் ஜீவிதாவை உட்கார வைத்து, கனகமணி காலைத் துடைத்துவிட்டாள். ஜுலைகா தன் மகளை முன்னால் தள்ளினாள்.

“அவங்கம்மாகிட்டயும் சொல்லு.”

சபீஹா மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இல்லை. கனகமணி திட்டவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க காட்டுக் கேரட்டத்தானே தின்னே நீயி” என்று மட்டும் சொன்னாள்.

ஜுலைகா கையெடுத்துக் கும்பிட்டாள். “ஏனுங்க... நானும் சிரிச்சவதானுங்க. எங்களை மன்னிச்சிருங்க.”

ஜீவிதா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“மன்னிச்சுட்டேன்னு என்னால சொல்ல முடியாது சபீ. சொன்னா அது பொய். நீ போ.”

பாதை வழுக்கும் என்று, பக்கத்து வீட்டு அம்மாவை ஜீவிதாவோடு உட்கார வைத்துவிட்டு, கனகமணி டார்ச்சோடு மெயின் ரோடு வரை கூட வந்தாள்.  பஸ் வந்தது. அம்மாவும் மகளும் ஏறினார்கள். சபீஹா திரும்பிப் பார்த்தபோது கனகமணி அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சபீஹா தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னாள். அவளையும் சஸ்பெண்ட் செய்தார்கள். பிரைட்டனை அழைத்துப் பேசினார்கள். அவன் சபீஹாவைப் பார்த்து, “நீயா?” என்றான். வேறெதுவும் கேட்கவில்லை. சலாஹுதீன் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்தார். கடையில் மகளைப் பற்றி யாராவது விசாரித்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தபோது சபீஹா முதலில் தேடியது அந்த வீடியோவைத்தான். அவள் அழித்தது அழிந்ததுதான். ஆனால் வேறு வேறு பெயர்களில், வேறு வேறு பக்கங்களில் அது இருந்தது. கோயம்புத்தூரில் யாரோ, மதுரையில் யாரோ. ஒவ்வொன்றாக ரிப்போர்ட் செய்தாள். ஒன்று போனால் இன்னொன்று முளைத்தது. இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறாள்.

ஜீவிதாவிடமிருந்து மெசேஜ் வரவில்லை. தொண்டை சரியாகிவிட்டது. ஷூவில் மண் இல்லை. சால்வையை ஜுலைகா எரித்துவிட்டாள். போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“சபீஹா பாப்பாவா? நான் கனகமணி பேசறேன், கேத்தியில இருந்து.”

சபீஹா போனைக் காதோடு அழுத்தினாள். “சொல்லுங்க. ஜீவி... நல்லாருக்காளுங்களா?”

“நல்லாருக்கா. குன்னூர் பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்கோம். நல்லாச் சாப்புடறா, தூங்கறா. நேத்து அங்க மைக் புடிச்சுப் பேசுனாளாம். யாரும் சிரிக்கலையாம்.”

சபீஹா சத்தம் வராமல் அழுதாள். 

“ஏனுங்க... அது... அப்புறம் உங்க காட்டுக்கு வரலீங்களா?”

“வரல கண்ணு. அன்னியோட நின்னு போச்சு.” கனகமணி மூச்சை இழுத்துவிட்டாள். “அதைச் சொல்லத்தான் கூப்புட்டேன். ரொம்ப நாளா மனசுல வெச்சுக்கிட்டே இருக்கேன். அன்னிக்கு ராத்திரி உங்களை பஸ் ஏத்திவிட்டேன்ல...”

“ஆமாங்க.”

“உங்கம்மா முன்னால ஏறுனாங்க. பின்னால நீ ஏறுனே. போய் ஜன்னலோரம் உக்காந்தே. நான் பார்த்துட்டுத்தான் நின்னேன். கண்டக்டரு விசில் ஊதுனாரு.” குரல் தணிந்தது. “அப்ப மறுக்கா நீ ஏறுனே.”

சபீஹா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்குக் கத்தோணும்னு இருந்துச்சு சாமி. வண்டிய நிறுத்துங்கன்னு சொல்லோணும்னு இருந்துச்சு. ஆனா இங்கிருந்து போகுது, போய்த் தொலையட்டும், எம் புள்ள தூங்கட்டும்னு வாயை மூடிட்டு நின்னுட்டேன். என்ன இருந்தாலும் நீயும் ஒரு புள்ளதானே. அது என்னை உறுத்திக்கிட்டே இருக்குது.” கனகமணி மூக்கை உறிஞ்சினாள். “அங்க... உங்க ஊட்டுக்கு எதாச்சும் வருதா கண்ணு?”



சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இந்த ஆறு மாதத்தில் அம்மா அவளிடம் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்டிருக்கிறாள். மாலையில் டியூஷன் முடிந்து சபீஹா வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று சபீஹா நினைத்திருந்தாள். சிரித்துக்கொண்டே கடந்து போயிருந்தாள்.

“இப்பத்தானேடி உள்ள போனே. மறுபடி எப்ப வெளிய போனே?”

“பாப்பா? லைன்ல இருக்கியா?” என்றாள் கனகமணி.

“இருக்கேனுங்க.” சபீஹா எழுந்து தன் அறைக் கதவைப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை. “இங்க எதுவும் வர்றதில்லீங்க. நீங்க மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. ஜீவி தூங்கட்டும்.”